தண்டு கழற்றாத பெட்டி

யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தை ஒரு தச்சரிடம் கொடுத்தால், அளவு குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார். நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம், உயரம் ஒன்றரை முழம். மரம் சீத்திம், சீனாய்ப் பாலைவனத்தில் தண்ணீர் அதிகம் கேட்காமல் வளர்கிற வேல மர வகை. ஒரு முழத்துக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்தால் நீளம் 112 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 67 சென்டிமீட்டர். அந்தக் கால வீடுகளில் பாத்திர பண்டம் போட்டுவைத்த மரப்பெட்டி அளவு. உள்ளும் புறமும் பொன்தகடு, மேலே சுற்றிலும் பொன் திரணை, நான்கு பொன் வளையங்கள், வளையங்களில் கோர்க்கப் பொன்தகடு போர்த்திய இரண்டு தண்டுகள்.

இதற்குப் பிறகு வருகிற கட்டளை விசேஷமானது. தண்டுகள் வளையங்களிலேயே இருக்க வேண்டும். எக்காலத்திலும் கழற்றக் கூடாது. அதே அதிகாரத்தில் அப்பம் வைக்கும் மேஜைக்கும் தண்டு உண்டு. பின்னால் வருகிற பலிபீடத்துக்கும் உண்டு. அவற்றைக் கழற்றாதே என்று கட்டளை இல்லை. பெட்டிக்கு மட்டும் இந்த விதி. இறக்கி வைத்த இடத்திலும் அது கிளம்பத் தயாராகவே இருக்க வேண்டும்.

உடன்படிக்கைப் பெட்டி என்று தமிழ் வேதாகமம் சொல்லும் இந்தப் பெட்டியின் கதை, எபிரெய வேதத்தின் பத்துக்கு மேற்பட்ட புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது. சேர்த்து வாசித்தால், அலைந்து திரிந்த ஒரு ஜனம் கடவுளின் காவலை எப்படிப் புரிந்துகொண்டது, எங்கெல்லாம் தப்பாகப் புரிந்துகொண்டு அடிபட்டது என்பது தெரியும். அவ்வளவு பெரிய கூட்டம் நாற்பது வருடம் சீனாயில் அலைந்ததற்குத் தொல்லியல் தடயம் கிடைக்கவில்லை. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேதம் சொல்கிற கதையை அது சொல்கிறபடியே தொடர்ந்து போவோம்.

நடுவில் ஒன்றுமில்லை

செய்தவர் பெசலெயேல், யூதா கோத்திரத்துக் கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர் என்கிறது யாத்திராகமம். உபாகமமோ மோசேயே ஒரு மரப்பெட்டியைச் செய்துவிட்டு மலையேறியதாகச் சொல்கிறது. அங்கே பொன்னும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. ஒரே பெட்டியைப் பற்றி இரண்டு மரபுகள் இருந்து, இரண்டுமே வேதத்தில் இடம்பிடித்துவிட்டன என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து.

பெட்டியின் மூடி பசும்பொன். கிருபாசனம் என்று பெயர். அதன் இரு முனையிலும் பொன்னை அடித்து உருவாக்கிய இரண்டு கேருபீன்கள். எதிரெதிராகச் சிறகு விரித்து, முகம் தாழ்த்தி நிற்கின்றன. சிறகுள்ள காவல் உருவங்கள் அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பிப்லோஸ் நகரத்து அகிராம் ராஜாவின் கல் சவப்பெட்டியில், சிறகு முளைத்த சிங்க உருவங்கள் தாங்கும் சிம்மாசனத்தில் ராஜா உட்கார்ந்திருப்பதைச் செதுக்கியிருக்கிறார்கள். தண்டு வைத்துத் தூக்கும் பெட்டியும் புதிதல்ல. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் பொன் போர்த்திய மரப்பேழை ஒன்று தூக்குத் தண்டுகளோடு இருந்தது; அதன்மேல் நரி உருவத்தில் அனுபிஸ் படுத்திருக்கிறார். எகிப்திலிருந்து வந்த ஜனம் எகிப்தியப் பாணியில் பெட்டி செய்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தப் பெட்டியின்மேல் ராஜாவும் இல்லை, தெய்வ உருவமும் இல்லை. இரண்டு கேருபீன்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்திலிருந்து பேசுவேன் என்று கடவுள் மோசேயிடம் சொல்கிறார்.

பெட்டிக்குள் வைத்தவை இரண்டு கற்பலகைகள். அது ஒரு ஒப்பந்தப் பத்திரம். அக்காலத்து அரசர்கள் உடன்படிக்கை செய்தால் அதன் பிரதியைத் தெய்வத்தின் சந்நிதியில் வைப்பது வழக்கம். ஏத்திய அரசன் சுப்பிலுலியுமா மித்தானி அரசனோடு செய்த ஒப்பந்தத்தில், இரு தரப்புப் பிரதிகளையும் எந்தெந்தத் தெய்வத்தின் முன் வைப்பது என்றே எழுதியிருக்கிறார்கள். இஸ்ரவேலின் ஒப்பந்தமும் அப்படிக் கடவுளின் காலடியில் போனது. நான் உங்களைக் காப்பேன் என்பது ஒரு தரப்பு. நீங்கள் கொலை செய்யாமல், களவாடாமல், பொய்ச்சாட்சி சொல்லாமல் இருக்க வேண்டும் என்பது மறு தரப்பு. இந்த இரண்டாவது பாதியை மறந்தபோதெல்லாம் பெட்டி ஜனத்தைக் கைவிட்டது. அதன் வரலாறு முழுக்க இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது.

மோசே கோபத்தில் போட்டு உடைத்த முதல் பலகைகளின் துண்டுகளும் அதே பெட்டியில் கிடந்தன என்று தல்மூத் சொல்கிறது. அதிலிருந்து ரபீக்கள் ஒரு நடைமுறைப் பாடம் எடுத்தார்கள்: முதுமையில் கற்றதை மறந்துபோன அறிஞரையும் மரியாதையோடு நடத்த வேண்டும்.

நீலத் துணி

பாளயம் கிளம்புகிறபோது நடப்பதை எண்ணாகமம் ஒரு வேலைப் பட்டியலாகவே தருகிறது. ஆரோனும் அவர் பிள்ளைகளும் முதலில் மறைவுத் திரைச்சீலையை இறக்கி, அதாலேயே பெட்டியை மூட வேண்டும். அதன்மேல் தோல் போர்வை. எல்லாவற்றுக்கும் மேலே முழுதும் நீலமான ஒரு துணி. மற்றப் பொருள்களுக்குத் தோல்தான் வெளிப்போர்வை. பெட்டிக்கு மட்டும் நீலம் வெளியே. மண்ணும் பாறையும் ஒரே பழுப்பாகக் கிடக்கும் அந்த வழியில், பெட்டி எங்கே போகிறது என்று எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்திருக்கும்.

தூக்குகிறவர்கள் லேவி கோத்திரத்தில் கோகாத் வம்சத்தார். அவர்கள் பெட்டியைத் தொடக் கூடாது, மூடும்போது எட்டிப் பார்க்கவும் கூடாது, மீறினால் சாவு. வழிபாட்டுக் கூடாரத்தின் பலகைகளையும் திரைகளையும் ஏற்றிச் செல்ல ஆறு வண்டிகளும் பன்னிரண்டு மாடுகளும் வந்து சேர்ந்தபோது, கெர்சோன் வம்சத்தாருக்கு இரண்டு வண்டி, மெராரி வம்சத்தாருக்கு நான்கு வண்டி என்று பிரித்துக் கொடுத்தார் மோசே. கோகாத்தியருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் சுமை தோளில் போக வேண்டியது. அலுவலகக் குறிப்பு போல வருகிற இந்தச் செய்தியைப் பின்னால் ஒருவர் மறந்துபோய், அதனால் ஓர் உயிர் போகும்.

அந்த வனாந்தர வாழ்க்கையில் கடவுளின் காவல் பல வடிவங்களில் வருகிறது. பகலில் மேகம், இரவில் அக்கினி, காலையில் மன்னா, பாறையிலிருந்து தண்ணீர். நாற்பது வருடம் நடந்தும் உடுத்திய துணி கிழியவில்லை, கால் வீங்கவில்லை என்று உபாகமம் நினைவுபடுத்துகிறது. பெட்டியின் பங்கு வழிகாட்டுவது. சீனாயைவிட்டுப் புறப்பட்டபோது அது மூன்று நாள் பயண தூரம் முன்னால் போய், ஜனம் தங்குவதற்கு இடம் தேடியது. பெட்டி எழும்புகிறபோது ஒரு வேண்டுதல், இறங்குகிறபோது ஒரு வேண்டுதல் என்று மோசே சொல்லியவை எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனங்களாக இருக்கின்றன. யூதர்கள் ஜெப ஆலயத்தில் தோரா சுருளை வெளியே எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் இன்றைக்கும் அவற்றைச் சொல்கிறார்கள்.

ஒரு முறை பெட்டி நகர மறுத்தது. கானானை வேவு பார்த்துவிட்டு வந்தவர்கள் பயமுறுத்த, ஜனம் போக மாட்டோம் என்று அழுதது. தண்டனை அறிவிக்கப்பட்டதும் மனம் மாறி, இப்போதே போகிறோம் என்று மலையேறியது. மோசே தடுத்தும் கேட்கவில்லை. அன்று பெட்டியும் மோசேயும் பாளயத்தைவிட்டு அசையவில்லை. போனவர்களை அமலேக்கியரும் கானானியரும் ஓர்மா வரை விரட்டி அடித்தார்கள். காவல் தங்கள் வசதிக்குப் பின்னால் வரும் என்று நினைத்தவர்களுக்கு அது முதல் அடி.

ஆற்றைக் கடந்து

மோசே இறந்த பிறகு யோசுவாவின் தலைமையில் பெட்டி யோர்தானுக்கு வந்தது. அறுப்புக் காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஜனத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டாயிரம் முழம், அதாவது கிட்டத்தட்ட 900 மீட்டர் இடைவெளி விடச் சொன்னார்கள். முன்பின் போகாத வழி என்பதால் எல்லாருக்கும் பெட்டி தெரிய வேண்டும். ஆசாரியரின் கால் தண்ணீரில் பட்டதும் மேலே ஆதாம் என்ற ஊரருகே ஆறு குவியலாக நின்றது என்கிறது யோசுவா புத்தகம். கடைசி ஆள் கரையேறும் வரை பெட்டியைச் சுமந்தவர்கள் ஆற்றின் நடுவில் நின்றார்கள். முதலில் இறங்கியதும் கடைசியில் ஏறியதும் பெட்டி.

எரிகோவை ஏழு நாள் சுற்றி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஊரான ஆயியில் தோல்வி. காரணம், எரிகோவின் கொள்ளையிலிருந்து ஆகான் என்பவன் திருடி வைத்தது. யோசுவா சாயங்காலம் வரை பெட்டிக்கு முன்னால் முகங்குப்புற விழுந்து கிடந்தார். பெட்டி பாளயத்திலேயே இருந்தது. திருட்டும் பாளயத்திலேயே இருந்தது. அதனால் பெட்டியால் ஒன்றும் ஆகவில்லை.

எபெனேசர்

பிறகு பெட்டி சீலோவில் தங்கியது. சிறுவன் சாமுவேல் அதன் அருகே படுத்துறங்கினான். அங்கே ஆசாரியர் வயதான ஏலி. அவருடைய பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் பலிக்கு வருகிறவர்களிடம் கறியைப் பிடுங்கித் தின்றார்கள், கூடார வாசலில் ஊழியம் செய்த பெண்களோடு தகாத உறவு வைத்தார்கள்.

பெலிஸ்தரோடு எபெனேசர் அருகே நடந்த போரில் இஸ்ரவேலில் நாலாயிரம் பேர் விழுந்தார்கள். ஏன் தோற்றோம் என்று மூப்பர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். பதில்தான் தவறாக வந்தது. சீலோவிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தால் அது நம்மைக் காப்பாற்றும் என்றார்கள். ஓப்னியும் பினெகாசும் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். பாளயம் போட்ட ஆரவாரத்தில் நிலம் அதிர்ந்தது. எதிரே பெலிஸ்தர் நடுங்கினார்கள். எகிப்தை அடித்த தெய்வம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பயத்தினாலேயே இன்னும் வெறியோடு போரிட்டார்கள். இஸ்ரவேலில் முப்பதாயிரம் காலாட்கள் செத்தார்கள். ஏலியின் பிள்ளைகள் இருவரும் செத்தார்கள். பெட்டி எதிரி கைக்குப் போனது.

சட்டை கிழிந்து, தலையில் மண்ணோடு ஒருவன் சீலோவுக்கு ஓடிவந்தான். ஏலிக்குத் தொண்ணூற்றெட்டு வயது, கண் தெரியாது, வழியோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் செத்த சேதியைக் கேட்டுக்கொண்டார். பெட்டி பிடிபட்டது என்ற சொல் காதில் விழுந்ததும் மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து இறந்தார். பினெகாசின் மனைவிக்கு அந்த அதிர்ச்சியிலேயே பிரசவ வேதனை வந்தது. மகிமை இஸ்ரவேலைவிட்டுப் போனது என்று சொல்லிப் பிள்ளைக்கு இக்கபோத் எனப் பெயர் வைத்துவிட்டு அவளும் போய்விட்டாள். சீலோவின் மேட்டில் 1980களில் தோண்டிய இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன், கி.மு. 11ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் தீயில் அழிந்ததற்கான அடையாளங்களைக் கண்டார்.

பெலிஸ்தர் பெட்டியை அஸ்தோத்துக்குக் கொண்டுபோய்த் தாகோன் கோயிலில் வெற்றிப்பொருளாக வைத்தார்கள். மறுநாள் தாகோன் முகங்குப்புறக் கிடந்தது. தூக்கி நிறுத்தினார்கள். அதற்கடுத்த நாள் தலையும் இரண்டு கைகளும் முறிந்து வாசற்படியில் கிடந்தன. ஊரில் கட்டிகள் பரவின. பெட்டி காத்துக்குப் போனது, அங்கேயும் கட்டி. எக்ரோனுக்கு அனுப்பினார்கள், எக்ரோன் ஜனம் வாசலிலேயே கூச்சல் போட்டது. சிரியாவில் துரா யூரோப்பஸ் என்ற ஊரின் ஜெப ஆலயச் சுவரில் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் இந்தக் காட்சியை வண்ணத்தில் எழுதினார்கள்: உடைந்த சிலைகளும் கோயில் பாத்திரங்களும் தரையில் சிதறிக் கிடக்க, பெட்டி மாட்டு வண்டியில் கிளம்புகிறது. தோல்வியில் போன பெட்டி ஒரு வீரனும் துணைக்கு இல்லாமல் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது என்பது அந்த ஓவியருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

ஏழு மாதத்துக்குப் பிறகு அனுப்பிவிடத் தீர்மானித்த பெலிஸ்தர் ஒரு சோதனை வைத்தார்கள். நுகம் பூட்டாத இரண்டு கறவைப் பசுக்களைப் புது வண்டியில் பூட்டினார்கள். கன்றுகளை வீட்டில் அடைத்தார்கள். காணிக்கையாக ஐந்து பொன் கட்டிகளும் ஐந்து பொன் எலிகளும். கன்றை நினைத்துப் பசுக்கள் திரும்பினால், நடந்ததெல்லாம் தற்செயல். பசுக்கள் கத்திக்கொண்டே, வலம் இடம் சாயாமல், நேராகப் பெத்ஷிமேசுக்குப் போயின. கோதுமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். வண்டியை உடைத்து விறகாக்கிப் பசுக்களைப் பலியிட்டார்கள். சிலர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் எபிரெயப் பிரதி எழுபது என்றும் ஐம்பதாயிரம் என்றும் முட்டிக்கொண்டு நிற்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுபது என்கிறார். பயந்துபோன ஊரார் பெட்டியைக் கீரியாத்யாரீமுக்குத் தள்ளிவிட்டார்கள். எதிரியை அடித்த பெட்டி சொந்தக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

தாவீதும் வண்டியும்

கீரியாத்யாரீமில் குன்றின்மேல் அபினதாப் வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் பெட்டி கிடந்தது. எருசலேமுக்கு மேற்கே அபு கோஷ் ஊரை ஒட்டிய அந்தக் குன்றில் இப்போது கன்னியர் மடமும், உடன்படிக்கைப் பெட்டகமான மாதா பேரில் 1924இல் கட்டிய கோயிலும் இருக்கின்றன. மரியாளை இந்தப் பெட்டகத்தின் பெயரால் அழைக்கும் வழக்கம் நம் ஊர்க் கத்தோலிக்கரின் மாதா மன்றாட்டிலும் உண்டு.

தாவீது ராஜாவானதும் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர நினைத்தார். புது வண்டி செய்தார், மாடு பூட்டினார், மேளதாளத்தோடு கிளம்பினார். எல்லாம் பெலிஸ்தர் செய்த முறை. களம் ஒன்றின் அருகே மாடு இடறியது, கூட நடந்த ஊசா கை நீட்டிப் பெட்டியைப் பிடித்தான், அங்கேயே செத்தான். விழப்போகிற பெட்டியைத் தாங்கியது குற்றமா என்று வாசிக்கிற எல்லாருக்கும் மனம் கேட்கும். தாவீதுக்கும் வருத்தமும் பயமும் வந்தன. பெட்டியைக் காத் ஊரானான ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதத்தில் அந்த வீடு செழித்தது என்று கேள்விப்பட்ட பிறகே திரும்ப வந்தார். இந்த முறை வண்டி இல்லை. லேவியர் தண்டுகளைத் தோளில் ஏற்றி வந்தார்கள் என்று நாளாகமம் குறிக்கிறது. ஆறு தப்படி நடந்ததும் பலியிட்டு, சணல்நூல் ஏபோத் என்ற ஆசாரிய உடையோடு தாவீது ஆடிக்கொண்டே வந்தார். ஜன்னலிலிருந்து பார்த்த மனைவி மீகாளுக்கு அருவருப்பாக இருந்தது.

தேவதாரு மர வீட்டில் நான், கூடாரத்தில் பெட்டியா என்று தாவீதுக்குக் கூச்சம் வந்தபோது நாத்தான் தீர்க்கதரிசி வழியாக வந்த பதில் கூர்மையானது. எகிப்தைவிட்டு வந்த நாள் முதல் கூடாரத்தோடு நடந்து வருகிறேன், எனக்கு வீடு கட்டு என்று யாரையாவது கேட்டேனா என்றார் கடவுள்.

பெட்டியைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே அரசர் தாவீது என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் அந்த நடனம் இல்லை. மகன் அப்சலோம் கலகம் செய்து, தாவீது எருசலேமைவிட்டு ஓடிய நாளில் ஆசாரியர் சாதோக்கும் லேவியரும் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார்கள். கிரீடம் போகிற நேரத்தில் பெட்டி கையில் இருந்தால் ஜனம் யார் பக்கம் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாவீது அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடவுளுக்கு என்மேல் தயவிருந்தால் என்னைத் திரும்பக் கொண்டுவருவார். இல்லாவிட்டால் அவர் இஷ்டம் என்றார். எபெனேசரில் மூப்பர்கள் செய்ததற்கு நேர்மாறான காரியம் இது. தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டு ஒலிவ மலை ஏறினார். திரும்பியும் வந்தார்.

காணாமல் போனது

சாலொமோன் ஆலயம் கட்டிப் பெட்டியை மகா பரிசுத்த ஸ்தலத்தில் வைத்தார். இருபது முழக் கனசதுர அறை. பத்து முழ உயரத்தில் இரண்டு ஒலிவ மரக் கேருபீன்கள். பயணம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்த அந்த இடத்தில், இராஜாக்கள் புத்தகம் ஒரு தகவலைச் சொல்லிவைக்கிறது: தண்டுகள் நீளமாக இருந்ததால் அவற்றின் முனைகள் உள்ளறைக்கு முன்னால் நிற்பவருக்குத் தெரிந்தன. தங்கம் இழைத்த மாளிகைக்குள்ளும் பெட்டி கிளம்பத் தயாராகவே இருந்தது.

அதற்கப்புறம் மௌனம். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோசியா ராஜா, பெட்டியை ஆலயத்தில் வையுங்கள், இனித் தோளில் சுமக்க வேண்டாம் என்று லேவியரிடம் சொன்னதாக நாளாகமம் கூறுவதே கடைசிச் செய்தி. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தை இடித்துச் சூறையாடியபோது எடுத்துப் போனவற்றின் பட்டியல் இருக்கிறது: வெண்கலத் தூண்கள், சட்டிகள், கரண்டிகள், திரி கத்தரிக்கும் கருவிகள்கூட. பெட்டியின் பெயர் இல்லை.

எரேமியா தீர்க்கதரிசி அதற்கு முன்பே எச்சரித்திருந்தார். ஆலயம் இருக்கிறது, நமக்கென்ன என்று திருட்டும் கொலையும் செய்துகொண்டு வந்து நின்றவர்களிடம், சீலோவுக்குப் போய் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள் என்றார். இன்னொரு இடத்தில் இன்னும் துணிந்து பேசினார். ஒரு காலம் வரும். அப்போது பெட்டியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நினைக்க மாட்டார்கள், இன்னொன்று செய்யவும் மாட்டார்கள்.

பேசுவதை யாரும் நிறுத்தவில்லை. எரேமியாவே அதை மோசே மரித்த மலையில் ஒரு குகையில் ஒளித்தார் என்கிறது மக்கபேயர் இரண்டாம் புத்தகம். கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்தபோது அறை வெறுமையாக இருந்தது என்று தாசித்தஸ் எழுதினார். கி.பி. 70இல் எருசலேமை அழித்த தீத்துவின் வெற்றி வளைவில் விளக்குத்தண்டு, மேஜை, எக்காளங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, பெட்டி இல்லை. 1911இல் மாண்டேகு பார்க்கர் என்ற ஆங்கிலேயர் லஞ்சம் கொடுத்து, எருசலேமில் ஆலயம் இருந்த இடமான ஹரம் வளாகத்துக்குள் இரவில் தோண்டப் போய், ஊரே கொந்தளித்ததும் யாப்பா துறைமுகம் வழியாக ஓடித் தப்பினார்.

எத்தியோப்பியர்கள் தேடுவதில்லை. சாலொமோனுக்கும் சேபா ராணிக்கும் பிறந்த மெனலிக் அதைக் கொண்டுவந்துவிட்டார் என்கிறது அவர்களுடைய கெப்ர நெகஸ்ட். அக்சும் நகரில் சீயோன் மரியாள் கோயில் வளாகத்தில், ஒரே ஒரு துறவி காவலில் இருக்கிறது என்று நம்புகிறார்கள். ஒவ்வோர் எத்தியோப்பியக் கோயிலிலும் அதன் பிரதியாகத் தாபோத் உண்டு. ஜனவரி 19ஆம் தேதி திம்கத் திருநாளையொட்டி அதைத் துணியால் மூடித் தலையில் சுமந்து வருவார்கள். 1868இல் மக்தலாவில் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்தவற்றில் தாபோத்களும் அடக்கம். பிரிட்டிஷ் மியூசியத்தில் 11 இருக்கின்றன, காட்சிக்கு வைப்பதில்லை.

பெட்டி போன பிறகும் அந்த ஜனம் நடந்துகொண்டே இருந்தது: பாபிலோன், அலெக்சாந்திரியா, ரோம், ஸ்பெயின், போலந்து, கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்திலும் ஒரு பேழை இருக்கிறது. அதற்குள் இருப்பது தோல் சுருள்களில் எழுதிய தோரா. அந்த ஒப்பந்தத்தின் வாசகம். இத்தனை ஊர்களிலும் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், காவல் கிடைத்ததா என்ற கேள்விக்குச் சட்டென்று ஆம் சொல்லத் தயங்குவார்கள். எபிரெய வேதமே அந்தக் கேள்வியை மழுப்பவில்லை. எபெனேசரின் முப்பதாயிரம் பிணங்களை அது மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பெட்டியைக் கொடியாகத் தூக்கிப் போனவர்கள் தோற்றார்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு அழுதுகொண்டே நடந்தவர் வீடு திரும்பினார். புனிதப் பொருள் எங்கள் கையில் இருக்கிறது, ஆகவே கடவுள் எங்கள் பக்கம் என்று கிளம்புகிற எந்தக் கூட்டமும், எந்த மதத்தில் இருந்தாலும், சாமுவேலின் முதல் புத்தகம் நாலாம் அதிகாரத்தை ஒரு தடவை வாசித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.